கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள்



வெளிநாடு போய்த் திரும்பியவர்களிடம் நாம் முதலில் என்ன கேட்போம்? "என்ன வாங்கிட்டு வந்தீங்க?" அடுத்தது, "ஃபோட்டோ காட்டுங்க." ஃபோட்டோவில் கடல் இருக்கும், ஹோட்டல் இருக்கும், காலை டிபன் தட்டு இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், யாரைக் கும்பிடுகிறார்கள், இறந்துபோனவர்களை எப்படி நினைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரிடம் பதில் இருக்காது. அவர்கள் மேல் தப்பில்லை. பேக்கேஜ் டூர் நம்மை அப்படித்தான் கூட்டிப்போகிறது. ஏர்போர்ட்டில் இறக்கி, கடற்கரையில் விட்டு, மறுபடி ஏர்போர்ட்டில் ஏற்றிவிடுகிறது.

கரீபியன் என்றால் இது இன்னும் அதிகம். வெள்ளை மணல், நீலத் தண்ணீர், தென்னை மரம், கிரிக்கெட். அதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? அதனால்தான் இந்தப் பயணச் சிறப்பிதழில் ஒரே ஒரு கரீபியத் தீவைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். அதன் பெயர் குவாதலூப்.

அங்கே கிரிக்கெட்டைத் தேடாதீர்கள். அது பிரெஞ்சுத் தீவு, அதனால் கால்பந்துதான் எல்லாம். 1998-ல் உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் லிலியன் துராம் பிறந்தது இங்கேதான்.

மேப்பில் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மேற்கு இறக்கையின் பெயர் பாஸ்தேர். மலை, மழைக்காடு, 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை எல்லாம் அந்தப் பக்கம். கிழக்கு இறக்கை கிராந்த்தேர். அது சமவெளி, கரும்பு வயல்களும் கடற்கரை ஹோட்டல்களும் அங்கே. பக்கத்துச் சின்னத் தீவுகளையும் சேர்த்தால் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு.

பிரெஞ்சுக்காரர்கள் 1635-ல் வந்து குடியேறினார்கள். 1946 முதல் இது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். கையில் யூரோ, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டுக்குள் கிரியோல் என்று வாழ்க்கை ஓடுகிறது.

அதற்கும் முன்னால்? கலினாகோ மக்கள் இருந்தார்கள். கருக்கேரா என்பது தீவுக்கு அவர்கள் காலத்துப் பெயர். 1493-ல் வந்த கொலம்பஸ், ஸ்பெயினிலுள்ள ஒரு மாதா மடத்தின் பெயரைத் தீவுக்குச் சூட்டிவிட்டுப் போனார். தெற்கே த்ருவா-ரிவியேர் ஊரில், பழங்குடிகள் பாறைகளில் செதுக்கிய முகங்களை இன்றும் பார்க்கலாம்.

இந்தத் தீவில் இறங்கும் தமிழருக்கு முதலில் எங்கே போகத் தோன்றும்? மாரியம்மன் கோயிலுக்கு. ஆமாம், அங்கே மாரியம்மன் இருக்கிறாள். மதுரை வீரனும் இருக்கிறான். அவர்களிடம் வருகிறேன். ஆனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாளை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாள் வேறோர் இடத்துக்கு உரியது.

புவான்தாபித்ர் நகரத்தில் துறைமுகத்தை ஒட்டி மெமோரியல் ஆக்ட் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் இடம். அது நிற்கும் மண் தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலையின் மண். இடத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஏன் சர்க்கரை ஆலை? இந்தத் தீவின் கதையே சர்க்கரையால் எழுதப்பட்டதுதான். ஐரோப்பாவின் காபிக் கோப்பைக்கு இனிப்பு வேண்டியிருந்தது. அதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்துச் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டு நூற்றாண்டுகள் இது நடந்தது.

பிரெஞ்சுப் புரட்சியின் வேகத்தில் 1794-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். மக்கள் சுதந்திரமாக மூச்சுவிட்டு எட்டு வருடம்கூட ஆகவில்லை. 1802-ல் நெப்போலியன் படையை அனுப்பினார். அடிமை முறை திரும்பி வந்தது. ஒருமுறை விடுதலையைப் பார்த்தவர்கள் மறுபடி சங்கிலிக்குச் சம்மதிப்பார்களா? லூயி தெல்கிரேஸ் என்ற படை அதிகாரி எதிர்த்து நின்றார். தோல்வி உறுதியானதும், 1802 மே 28 அன்று, மத்தூபா என்ற மலைப்பகுதியில் சரணடைய மறுத்துத் தன் தோழர்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். அவரோடு போராடியவர்களில் சொலித்யூத் என்ற பெண் கர்ப்பிணி. அவளைப் பிடித்தார்கள். பிரசவம் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் கொன்றார்கள்.

வீட்டில் ஒரு பிரசவத்தையாவது பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

அடிமை முறை கடைசியாக 1848-ல்தான் ஒழிந்தது. ஒவ்வோர் ஆண்டும் மே 27-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று விடுமுறை. பெத்தி-கனால் என்ற ஊரில் ஒரு நீண்ட கல் படிக்கட்டு இருக்கிறது. அடிமைகளின் படிக்கட்டு என்றே அதற்குப் பெயர். படிகளின் ஓரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இனங்களின் பெயர்களைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். தனித்தனி ஆட்களின் பெயர் தெரியாதபோது, இனத்தின் பெயரையாவது காப்பாற்றுவோம் என்ற தவிப்பு அது.

அந்த மக்கள் அழியவிடாமல் வைத்திருந்த இன்னொன்று மேளம். க்வோ கா என்பார்கள். பீப்பாய்க்கு ஆட்டுத்தோல் கட்டிச் செய்தது. தாளத்தைப் பிடித்துக்கொண்டே போவது ஒரு மேளம். ஆடுபவரின் காலைப் பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு மேளம். ஏழு அடிப்படைத் தாளங்கள். ஒரு காலத்தில் "நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்" அந்தப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டில் திட்டுவார்களாம். வேலோ என்ற மகா கலைஞர் 1984-ல் வறுமையில் இறந்தார். ஊரே திரண்டு வழியனுப்பியது. இன்று புவான்தாபித்ர் நகரத்தின் நடுவே அவருக்குச் சிலை நிற்கிறது. 2014-ல் க்வோ காவை யுனெஸ்கோ தன் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பறையின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதையெல்லாம் முதலில் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்கள் அந்தத் தீவுக்குப் போனதே இந்தக் கதையின் தொடர்ச்சியாகத்தான்.

1848-ல் விடுதலை பெற்றவர்கள் தோட்ட முதலாளிகளிடம் கூலி பேசத் தொடங்கினார்கள். நியாயம்தானே? முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. மலிவாக ஆள் தேடினார்கள். பிரெஞ்சுக்காரர்களின் கையில் புதுச்சேரியும் காரைக்காலும் இருந்தன. 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்தில், ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை குவாதலூப்பில் இறக்கியது. அதே கப்பல் முந்தைய ஆண்டு பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் ஆட்களை இறக்கியிருந்தது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். தஞ்சைப் பக்கத்துக்காரர்கள் உட்படத் தமிழர்கள் ஏராளம். தெலுங்கரும், கல்கத்தா வழியாகப் போன வட இந்தியரும் இருந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், பிறகு ஊர் திரும்ப டிக்கெட் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. தோட்டத்திலேயே செத்தவர்கள் அதைவிட மிக அதிகம்.

கூலி கேட்டவர்களின் வயிற்றில் அடிக்க நம்மவர்களைப் பயன்படுத்தினார்கள். அதனால் ஆரம்பத்தில் இரு தரப்புக்கும் ஆகவில்லை. கறுப்பின மக்கள் இவர்களைக் கேவலமாகப் பேசினார்கள். இவர்களும் ஒதுங்கியே இருந்தார்கள். காலப்போக்கில் பக்கத்து வீடு, ஒரே வயல், ஒரே பள்ளி, பிறகு கல்யாணம் என்று கலந்தது. ஆகவே அங்கே போய் "நம்ம கதை" என்று ஒரு கதையைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. அப்படிப் பிரித்தால் இரண்டு கதையுமே புரியாது.

சரி, இப்போது சமையலறைக்குப் போவோம்.

ஓர் ஊரின் வரலாற்றைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள்கூட அதைச் சாப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். மரவள்ளியை அரைத்துச் சுடும் அடை, கலினாகோ மக்கள் கொடுத்தது. ஆப்பிரிக்கர்களோடு வந்த உணவும் கைப்பக்குவமும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. காலையில் பேக்கரியில் வாங்கும் நீள ரொட்டி பிரான்ஸ். ஞாயிற்றுக்கிழமையோ விசேஷமோ வந்தால், வீட்டுக்கு வீடு கொலம்போ.

பெயரைக் கேட்டுத் திகைக்காதீர்கள். நம் குழம்புதான். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு சேர்த்த பொடி. அதில் வறுத்த அரிசியையும் சேர்த்து அரைப்பார்கள், குழம்பு கெட்டிப்பட. ஆட்டுக்கறியோ கோழியோ போட்டு, கத்தரிக்காயும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து இறக்குவார்கள். இந்திய வம்சாவளியினர் மட்டும் சமைப்பது என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டியும் தன் பேரப்பிள்ளைகளுக்கு அதைத்தான் வைக்கிறாள். அது குவாதலூப் வீடுகளின் பொதுச் சொத்து.

துவரம்பருப்பு இல்லாமல் நமக்கு ஒரு நாள் போகுமா? அங்கே துவரையைக் காயவைத்து உடைப்பதைவிட, பச்சையாக உரித்துச் சமைப்பதுதான் பிரபலம். அதுவும் கிறிஸ்துமஸுக்கு. பச்சைத் துவரை இல்லாத கிறிஸ்துமஸ் அங்கே கிறிஸ்துமஸே இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, மேளத்தோடு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார்கள். கதவு திறந்தே இருக்கும்.

ஆகஸ்ட் மாதம் போக வாய்த்தால் சமையல்காரப் பெண்களின் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. சமையல்காரர்களின் காவல் புனிதரான லாரன்ஸின் பெயரால், புவான்தாபித்ர் நகரத்துப் பெண்கள் கட்டம் போட்ட மெட்ராஸ் துணியில் பாவாடையும் தலைக்கட்டும் அணிந்து, தங்க நகை பூட்டி, பலகாரக் கூடைகளோடு ஊர்வலமாகத் தேவாலயத்துக்குப் போவார்கள். பூசை முடிந்ததும் எல்லோருக்கும் விருந்து. அந்தத் துணி நம் கடற்கரையிலிருந்து போனது; நம் ஆட்கள் போவதற்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டு வணிகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண்கள் அதைத் தலையில் கட்டும் விதத்துக்கே ஒரு மொழி உண்டு. எத்தனை முனை தெரியும்படி முடிகிறார்கள் என்பதை வைத்து, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று சொல்லிவிடலாம்.

சமையல்காரிகளுக்கென்று ஒரு திருவிழா! நம் வீட்டில் மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பவருக்கு வருடத்தில் ஒரு நாளாவது நாம் இப்படி மரியாதை செய்கிறோமா?

இனி மாரியம்மன்.

கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில், ஷாஞ்சி என்ற இடத்தில், சாலையோரமாக வண்ண வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில் நிற்கிறது. சுற்றிலும் வாழைத் தோட்டங்கள். இது பெரியது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் வழிபாடு உயிரோடு இருந்தது பழைய தோட்டங்களின் ஓரத்தில் கட்டப்பட்ட சின்னச் சின்னக் கோயில்களில்தான். மாரியம்மன், காளி, மதுரை வீரன். நேர்த்திக்கடன் உண்டு, கிடாவெட்டு உண்டு, சாமியாடிக் குறி சொல்வதும் உண்டு. பூசை முடிந்ததும் வாழை இலை போட்டு கொலம்போ பரிமாறுவார்கள். வந்தவர் எந்த இனம், எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

இவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர்கள். காலையில் தேவாலயம், இன்னொரு நாள் மாரியம்மன் பொங்கல். மாரியையும் மரியாளையும் ஒன்றாகப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தத் தீவுகளில் கொடிமரம் நட்டு நாகூர் ஆண்டவரையும் வழிபடுகிறார்கள். தமிழ்ச் சாமிகளோடு அவரும் ஒரு சாமி.

இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கலாம். "என்னங்க இது, ஒண்ணுமே சுத்தமா இல்லையே" என்று. கொஞ்சம் நம் மேப்பை எடுத்துப் பாருங்கள். காரைக்காலில் கப்பலேறியவர்களுக்கு, தெற்கே கொஞ்ச தூரத்தில் நாகூர் தர்கா. இன்னும் கொஞ்சம் போனால் வேளாங்கண்ணி. புயலுக்கும் பிள்ளைவரத்துக்கும் அந்தக் கரை மக்கள் மூன்று வாசலிலும் நின்றவர்கள். இன்றும் நிற்கிறார்கள். கப்பலில் ஏறியவர்கள் தங்கள் ஊர் வழக்கத்தைத்தான் கொண்டுபோனார்கள். அவர்கள் எதையும் கலப்படம் செய்யவில்லை.

மொழி மட்டும் போய்விட்டது. பிரெஞ்சுப் பள்ளியும் கிரியோல் தெருவும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுத் தமிழை எடுத்துக்கொண்டன. பூசைப் பாடல்களில் மட்டும் தங்கியது. காதால் கேட்டதை பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். நாட்ரோன் என்ற கூத்தும் இருக்கிறது. ஒப்பனை, கிரீடம், விடிய விடிய ஆட்டம் என்று நம் தெருக்கூத்தின் வழியில் வந்தது. பாடுபவர்களில் பலருக்கு வரிகளின் பொருள் தெரியாது. பாடுவதை விடவும் இல்லை.

அப்படிப் பாடும் பெரியவர் ஒருவர், நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் கேட்ட கேள்வி இது: "நாங்கள் பாடுவது சரியா?"

நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? உச்சரிப்பைத் திருத்தியிருப்பீர்களா? "கிடா எல்லாம் இப்போ வெட்டறதில்லைங்க, அபிஷேகம் பண்ணுங்க" என்று அறிவுரை சொல்லியிருப்பீர்களா? நான் சொன்னது இதுதான்: "ஐயா, எங்கள் ஊரில் விடிய விடிய மதுரை வீரன் கதை பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்களிடம் கேட்கத்தான் வந்திருக்கிறேன்." அவர் நோட்டை எடுத்தார், உட்காரச் சொன்னார்.

என் வேண்டுகோளும் இதுதான், வாசகர்களே. நமக்கு உறவு என்று தெரிகிற இடத்தில்தான் நாம் விருந்தாளி என்பதை மறந்துவிடுகிறோம். "நம்ம ஆளுங்க" என்று பாசத்தோடு தொடங்கி, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று முடித்துவிடுகிறோம். யாரும் கைகொடுக்காமல், புத்தகமும் குருவும் இல்லாமல், கரும்பு வெட்டிய கையோடு ஒரு சாமியை நூற்று எழுபது வருடமாகக் காப்பாற்றியவர்களுக்கு நாம் பாடம் எடுக்க என்ன இருக்கிறது?

அவர்கள் உரிமைக்கும் போராடியவர்கள். ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1863-ல் அந்தத் தீவிலேயே பிறந்தவர். கூலிகளாக வந்த பெற்றோரின் பிள்ளை. தீவிலேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் வேண்டும் என்று 1904-ல் சட்டப் போராட்டத்தில் இறங்கினார். 1923-ல்தான் வெற்றி கிடைத்தது. பத்தொன்பது வருடம்! பிற்காலத்தில் எர்னஸ்ட் முத்துசாமி என்ற எழுத்தாளர் பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் 1981 முதல் 2002 வரை உறுப்பினராக இருந்தார். பெயரில் தமிழ்நாடு இருக்கிறது. அவர்களின் ஊர் குவாதலூப். இரண்டையும் சேர்த்தே மதிப்போம்.

கடைசியாக ஓர் இடம். கல்லறைத் தோட்டம்.

"ஊர் சுற்றப் போன இடத்தில் சுடுகாட்டுக்கா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது காதில் விழுகிறது. மோர்ன்-ஆ-லோ என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தால் அவர்களே மனம் மாறிவிடுவார்கள். குன்றுச் சரிவில், கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்த சின்னச் சின்ன வீடுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அத்தனையும் குடும்பக் கல்லறைகள்.

நவம்பர் 1, 2 தேதிகளுக்கு முன்பே குடும்பத்தோடு வந்து சுத்தம் செய்து வெள்ளையடிப்பார்கள். அந்த நாட்களின் மாலையில் ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி. பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் நின்று கதை பேசுவார்கள். வெளியே தின்பண்டக் கடைகள். அழுகையைவிடச் சந்திப்பே அதிகம். இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் அதே நாட்களை ஒட்டி வீட்டில் முன்னோர்களுக்குப் படையலும் போடுகின்றன. ஆடி அமாவாசையையும் கல்லறைத் திருநாளையும் அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

டைல்ஸ் போட வசதியில்லாதவர்கள் மண் மேட்டைச் சுற்றிச் சங்கு பதிப்பார்கள். லெ மூல் ஊர்ப் பக்கம், கடற்கரை மணலிலேயே அடிமைகளைப் புதைத்த இடம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. நாம் துண்டு விரித்துப் படுக்கும் மணலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படுப்பது நல்லதல்லவா?

இவ்வளவு சொன்னதால் அங்கே எல்லாமே திருவிழா என்று நினைத்துவிட வேண்டாம். சாமான்கள் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன; விலைவாசி பிரான்ஸைவிட அதிகம். 2009-ல் விலையேற்றத்தை எதிர்த்து 44 நாள் பொது வேலைநிறுத்தமே நடந்தது. வாழைத் தோட்டங்களில் 1993 வரை அடித்த குளோர்டெகோன் என்ற பூச்சிமருந்து இன்னும் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது. கொல்லையில் விளைந்த கிழங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று மண்ணைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய நிலையில் தாய்மார்கள் இருக்கிறார்கள். ரிசார்ட்டின் பூல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நம் காதுக்கு வருமா?

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். குவாதலூப் அதில் வராது. அந்தத் தீவுக்குச் செல்லும்படியான விசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

கடையோ, பஸ்ஸோ, டாக்டர் வீட்டு வரவேற்பறையோ, உள்ளே நுழைந்ததும் "போன்ழூர்" சொல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். பூசை நடக்கும் இடத்தில் ஃபோனை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சாமி வந்து ஆடுகிறவரை வீடியோ எடுத்துப் போட நம் வீட்டு விசேஷத்தில் நாம் விடுவோமா? சூப்பர் மார்க்கெட்டுக்குப் பதில் ஊர்ச் சந்தையில் வாங்குங்கள். காசு அந்த ஊர்ப் பெண்கள் கையிலேயே நிற்கும். அவர்களோடு பேச்சும் கிடைக்கும்.

"இதெல்லாம் சரி, அவ்வளவு தூரம் போக எங்களுக்கு எங்கே வசதி?" என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அது எட்டாத தூரம்தான். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு விமான டிக்கெட் தேவையில்லை. அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் தோடர்களின் கோயிலைப் பற்றிக் கேளுங்கள். தரங்கம்பாடிக்குப் போனால் கோட்டை முன் செல்ஃபி எடுத்துவிட்டு, அங்குள்ள பழைய கல்லறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மெஸ்ஸில் பரிமாறுகிற அம்மாவிடம், "உங்க வீட்டுல விசேஷத்துக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பிள்ளைகள் கூட இருக்கும்போது கேளுங்கள். ஊர் பார்ப்பது என்றால் மனிதர்களைப் பார்ப்பது என்று அவர்களும் பழகிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. காரைக்கால், நாகை, தஞ்சை, கடலூர் பக்கத்துக் குடும்பங்களில், "எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கப்பலேறிப் போனார், அப்புறம் சேதியே இல்லை" என்று ஒரு பேச்சு இருக்கும். பாட்டிமார் இருக்கும்போதே அந்தப் பெயரையும் ஊரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களும் தங்கள் வேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆவணக் காப்பகங்களில் கப்பல் பதிவுகளைப் புரட்டுகிறார்கள். தேடல் இந்தப் பக்கமிருந்தும் தொடங்கினால்தானே எங்காவது சந்திக்க முடியும்?

அப்படியொரு பெயர் உங்கள் வீட்டில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பயணம் போன இடத்தில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு வீட்டைப் பற்றியும், பார்த்த ஒரு வழிபாட்டைப் பற்றியும்கூட எழுதுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை. ஃபோட்டோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஊர்க்காரர்கள் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வரும் இதழ்களில் அவற்றுக்கென்றே பக்கங்கள் ஒதுக்கப்போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்